வட்டமாக வரும் கேள்வி

“நாலு பேர் இருக்கிற இடத்துல என்னை ஒரு வார்த்தை பேச விடுறியா நீ? நான் ஆரம்பிக்கிறதை நீ முடிக்கிற. நீ முடிச்சதுக்கு நான் தலையாட்டிக்கிட்டு நிக்கணும். அப்புறம் எதுக்கு என்னை இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்த?” காலையில் ரொட்டிக்கடை வாசலில் நின்று கணவர் கேட்டதை ஓர் எழுத்து பிசகாமல் மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே மனோன்மணி வகுப்பறை நாற்காலியில் வந்து விழுந்தாள். ஒப்பிப்பது அவளுக்குக் கைவந்த கலை. கான்வென்ட்டில் படித்தவள், யார் எப்போது திட்டியிருந்தாலும் திட்டிய வரிசையிலேயே, ஏற்ற இறக்கத்தோடு ஞாபகம் இருக்கும். “விடுறியா நீ” என்று அந்த ‘நீ’யைக் கடைசியில் கொண்டுபோய் வைத்து ஓர் அழுத்து அழுத்தினாரே, அதுதான் முள்ளாக நின்றது. அப்படி என்ன குற்றம் செய்துவிட்டாள்? கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ரொட்டிக்காரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். இவர், எனக்கு இரண்டு, என்று ஜெர்மனில் தொடங்கிவிட்டு, பூசணி விதை ஒட்டிய அந்த உருண்டை ரொட்டியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் வரிசை. யார் குடையிலிருந்தோ அவள் குதிகாலில் தண்ணீர் சொட்டுகிறது. ஒருவன் செருமுகிறான். மனோன்மணி விரலை நீட்டி, இங்கிலீஷில், அதில் இரண்டு என்றாள், வேலை முடிந்தது. அதற்குத்தான் இந்த ஆட்டம். அதன் பெயர் தனக்குத் தெரியுமாம், நாக்கு நுனியில் இருந்ததாம், சொல்வதற்குள் இவள் பறித்துக்கொண்டாளாம். நாக்கு நுனி. அந்த நாக்கு நுனியில் இப்போது எத்தனை சாமான் குவிந்து கிடக்கிறது என்பது அவளுக்குத்தானே தெரியும். சரி, இனிமேல் நான் வாயைத் திறந்தால் ஏன் என்று கேளுங்கள், நீங்களாச்சு உங்கள் ஜெர்மனாச்சு என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். ஏரிக்கரை நெடுக அவர் பின்னால் வந்தார். வருகிறாரா என்று திரும்பிப் பார்ப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். ஆனால் வழியில் இருந்த கடைக் கண்ணாடி ஒவ்வொன்றிலும் பார்த்தாள்.

வெளியில் மழை, உள்ளே ஹீட்டரின் காய்ச்சல். ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்வதா கழற்றுவதா என்று தெரியாமல் ஒரு கையை மட்டும் உருவி வைத்துக்கொண்டாள். ஐம்பது வயது தாண்டியவர்களுக்கான மொழி விடுமுறை என்று இதற்குப் பெயர். காலையில் வகுப்பு, மத்தியானம் படகு, சாயங்காலம் யாரோ பாலாடைக்கட்டி செய்கிற கொட்டகைக்குப் போய், மூக்கைப் பொத்தாமல் சிரித்துக்கொண்டு நிற்பது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பெஞ்சு என்றால் கடைசிக்குப் போய் ஒளியலாம், வட்டத்துக்கு ஏது கடைசி. நடுவில் நின்ற டீச்சர் ஃபிராவ் லின்ட்னருக்கு மகள் சிந்துஜாவின் வயசுதான் இருக்கும். இன்றைக்கு எழுத்து வேலை கிடையாது, வரிசையாக ஒவ்வொருவரையும் கேட்பேன், அவரவரே பதில் சொல்ல வேண்டும் என்றாள். பெயர், ஊர், பார்த்த வேலை, கல்யாணம் ஆயிற்றா, ஆனதென்றால் துணையின் பெயர், அப்புறம் பிள்ளைகள். பிறகு மனோன்மணியைப் பார்த்து, அவளுக்காகவே அத்தனையையும் இங்கிலீஷில் திருப்பிச் சொல்லி, பக்கத்தில் இருப்பவர்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்று விரலை ஆட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆக, இங்கேயும் பெயர் வாங்கியாயிற்று. மனோன்மணிக்கு வாய்க்குள்ளே இரண்டு நாக்கு என்று நாத்தனார் சொல்லித் திரிவாள், அது திருச்சியோடு போகும் என்று நினைத்தால் விமானம் ஏறிக் கூடவே வந்திருக்கிறது. அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். தைத்தாயிற்று. அவரே பேசட்டும். இடது பக்கம், கை எட்டும் தூரத்தில், அவர் முழங்கால்களைச் சேர்த்து வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், பரிசு வாங்கப் போகிற பையன் மாதிரி.

உண்மையில் பரிசு அவருக்குத்தான் கிடைக்கும். வகுப்பில் மக்கு இவள்தான். ஐம்பத்தேழு வயதில் மக்காக உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால் அவளுக்குப் பழைய இடம் தெரிந்த மாதிரி இருக்கிறது என்பாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆறாம் வகுப்புக்கு கான்வென்ட்டில் கொண்டுபோய் விட்டார் அப்பா. முதல் சில வாரங்கள் சிஸ்டர் குளோடில்டா கேட்டதெல்லாம் புரிந்தது, பதிலும் தெரிந்தது, வார்த்தைதான் நெஞ்சுக்குழியில் நின்றது. அது கிளம்பி மேலே வருவதற்குள் முன் பெஞ்சு அனிதா டிசோசா எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு மனோன்மணி படித்த பாடம் இங்கிலீஷ் இல்லை, வேகம். அடுத்தவன் மூச்சு இழுப்பதற்குள் முடித்துவிட வேண்டும். வருஷக் கடைசியில் அனிதா டிசோசாவின் வாக்கியத்தையும் இவளே முடித்தாள். அந்த வேகத்தில் இன்றுவரை ஓடியாயிற்று. கல்யாணப் பேச்சில் மாமனாரின் வாக்கியம், மகள் ஸ்கூலில் ஹெட்மிஸ்ட்ரஸின் வாக்கியம், கேஸ்காரன், மேஸ்திரி, வங்கி மேனேஜர், எல்லோருடையதையும் முடித்துக் கையில் கொடுத்திருக்கிறாள். கால் வீங்கியிருந்தது. ஷூவுக்குள் ஈரம். சூடாக ஒரு டம்ளர் மிளகு ரசம் கிடைத்தால், கிடைக்காது, சரி. இப்போது நினைத்தால் அலுப்பாகத்தான் இருக்கிறது, யாருடைய வாக்கியமோ அவர்களே முடித்துக்கொள்ளட்டும் என்று ஒரு வயசில் விட்டிருக்கலாம். விட்டிருந்தால் ஒருவேளை முன்னாலேயே கேட்டிருக்கும், அவருடைய வாக்கியத்தில் எந்த இடத்தில் ஓட்டை விழ ஆரம்பித்தது என்று. இவள்தான் விழ விழ அடைத்துக்கொண்டிருந்தாளே. அது இருக்கே அது, என்பார், கரண்டி என்பாள். அவன் வந்தானே அவன், என்பார், எலெக்ட்ரீஷியன் என்பாள். கேட்கிறவர்களுக்கு என்ன தெரியும்? பொருத்தமான ஜோடி என்றார்கள்.

சிந்துஜாவுக்கும் தெரியாது. பெங்களூரில் இருந்துகொண்டு வாரம் ஒரு தடவை போனில் முகம் பார்க்கிறவளுக்கு என்ன தெரியும். அப்பா ரிட்டையர் ஆனதிலிருந்து சும்மாவே உட்கார்ந்திருக்கிறார், வயசானவர்களுக்குப் புது மொழி கற்றுக்கொள்வது மூளைக்கு நல்லதாம், என் ஆபீஸில் ஒருத்தியின் அப்பா அம்மா ஸ்பெயினுக்குப் போய்விட்டு வந்தார்கள், நீங்களும் போங்கள் என்றாள். மூளை என்ற வார்த்தை வந்ததும் மனோன்மணிக்குச் சுருக்கென்றது, இவளுக்குத் தெரிந்துபோய்விட்டதோ என்று. தெரியவில்லை, பத்திரிகையில் படித்ததைச் சொல்லியிருக்கிறாள். அப்போதுதான் மனோன்மணி அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் ஸ்பெயின் வேண்டாம், ஜெர்மனிதான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். காரணம் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு இருபத்தேழு வயசு இருக்கும்போது சிமெண்ட் ஆலையிலிருந்து அவரைச் சூளை நடத்தும் பயிற்சிக்காக இந்த நாட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பிப் போன மறு தை மாதம்தான் கல்யாணம். அந்த நாட்களைப் பற்றிப் பேசினால் மட்டும் அவருக்கு வார்த்தை தட்டுவதில்லை. காலையில் மாத்திரை போட்டேனா என்று மூன்று தடவை கேட்கிற மனுஷன், தன் ஃபோர்மேன் எந்தக் காதில் பென்சில் செருகியிருப்பான் என்று சொல்லுவார். ஆகவே அங்கே கொண்டுபோய் விட்டால், அந்தப் பழைய பிடி கிடைத்தால், அதைப் பிடித்துக்கொண்டே மெதுவாக இந்தப் பக்கம் ஏறி வந்துவிடுவார் என்று அவள் கணக்குப் போட்டாள். கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறு தெரிந்தால் போதும் என்பதுபோல. முதல் வகுப்பிலேயே அவர் ஜெர்மனில் பொழிந்துதள்ளினார். ஃபிராவ் லின்ட்னர் கையைத் தட்டினாள். இவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பலித்துவிட்டது என்று நினைத்தாள். அன்று திரும்பி வரும்போது தங்கியிருக்கிற வீட்டைத் தாண்டி நடந்துகொண்டே போனார், எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு ஹாஸ்டலுக்கு என்றார். பிறகு சிரித்தார். சும்மா சொன்னேன் என்றார்.

அதுதான் கொடுமை. அவர் எப்போதுமே சும்மா சொல்கிறவர். முகத்தை மாற்றாமல் பொய் சொல்லி, எதிராளி நம்பி முடித்தபிறகு சிரிக்கிற ஆள். கல்யாணமான புதிதில், உன் மாமியார் காலையில் உப்புமா சாப்பிட்டால் மயங்கி விழுவாள் என்று சொல்லி, பத்து நாள் அவளை இட்லி அவிக்க வைத்தவர். எது விளையாட்டு, எது ஓட்டை என்று பிரித்து எடுப்பதற்குள் இவளுக்குத் தாவு தீர்கிறது. வட்டத்தின் அந்தக் கோடியில் ஒரு பிரேசில்காரப் பல் டாக்டர் தன் ஊரைச் சொல்லிக்கொண்டிருந்தார், பெயர் நீளமாக இருந்தது, அவர் வாயை அகலத் திறந்து சொன்னபோது அவருடைய பல்தான் முதலில் தெரிந்தது. வேறு நாளாக இருந்தால் இதைக் காதோடு கணவரிடம் சொல்லியிருப்பாள். இன்றைக்குப் பேச்சு இல்லை. நம்மூர் மரியாதை இருக்கிறதே, அதற்குள்ளே ஒரு மனுஷன் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஒளிந்திருக்கலாம். போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில் பார்த்தாளே. பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டு வருகிறார், எதிரே தங்கவேலு, ஒரே செக்‌ஷனில் கூடவே வேலை பார்த்தவர், வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டுக்குக் காபி குடிக்க வருவார். இவர், அடடே வாங்க வாங்க, பார்த்து எவ்வளவு நாளாச்சு, வீட்டுல எல்லாரும் சௌக்யமா, பையன் என்ன பண்றான், உடம்பைப் பார்த்துக்குங்க என்று கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். ஒரு குறையும் சொல்ல முடியாத பேச்சு. தங்கவேலு பூரித்துப் போனார். காரில் ஏறியதும் இவர் கேட்டார், யார் அந்த ஆள், நல்ல மனுஷனா இருக்கார். ஏசியைப் போட்டிருந்தும் அவளுக்கு வேர்த்தது. அண்ணே என்றால் முடிந்தது, தம்பி என்றால் முடிந்தது, அம்மா என்றால் உலகத்துப் பெண்கள் அத்தனை பேரும் அதில் அடக்கம். பெயரே தேவைப்படாமல் ஒரு ஆயுசை ஓட்டிவிடலாம் நம்மூரில். வெள்ளைக்காரனுக்கு இந்த வசதி இல்லை, பார்த்த மாத்திரத்தில் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், வருகிற ஓட்டை வாசலிலேயே தெரிந்துவிடும்.

டாக்டரிடம் போகாமல் இல்லை. சர்க்கரை பார்க்கத்தான் என்று சொல்லி அழைத்துக்கொண்டு போனாள். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார் அந்த டாக்டர், இவள் வியாழன் என்றாள். இது என்ன மாதம், ஐப்பசி என்றாள் இவள். அவரைக் கேட்கிறேன் அம்மா என்றார். கேளுங்கள், நானா வேண்டாம் என்றேன் என்றாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது அவர் தொண்ணூற்று மூன்று என்று சொல்லிவிட்டுச் சுவரில் மாட்டியிருந்த நரம்புப் படத்தைப் பார்த்தார், இவளுக்குப் பொறுக்கவில்லை, சூளையில் வெப்பத்தைக் கண்ணால் பார்த்தே சொல்கிறவரை இப்படி ஒன்றாங்கிளாஸ் கணக்கு கேட்கிறீர்களே என்று ஆரம்பித்தாள். “அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க. நீங்க பக்கத்துல இருக்கிற வரைக்கும் இவருக்கு என்ன தெரியும், என்ன தெரியலைன்னு எனக்குத் தெரியாது” என்றார் டாக்டர். நிதானமாகத்தான் சொன்னார். அவள் பையை எடுத்துக்கொண்டு, அவர் கையையும் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்துவிட்டாள். எம்.டி. படித்தால் மட்டும் போதுமா, மட்டு மரியாதை வேண்டாமா என்று அன்று முழுக்க அடுப்படியில் முழங்கினாள். வெளியில் உட்கார்ந்திருந்தால் என்ன கேட்டிருக்கும் என்று இப்போதும் அவளுக்கு யோசிக்கப் பிடிக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மறைத்துவிடலாம், முடியாது என்று யார் சொன்னது. சோற்றை மேலே மேலே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கைதான் வலிக்கும். இந்த ஊருக்கு வந்தபிறகு இவளிடம் போடச் சோறு இல்லை. இவளுக்குத்தான் மொழி தெரியாதே. அவர் நிறுத்துகிற இடத்தில் அடுத்த வார்த்தை எது என்று இவளுக்கே தெரியாது. டாக்டர் வெளியே உட்காரச் சொன்னார், அங்கே உட்காராமல் இத்தனை கடல் தாண்டி வந்து கடைசியில் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

வட்டம் பாதி வந்திருந்தது. ஜப்பான்காரத் தம்பதி, ஓகாவா என்று பெயர், அந்தக் கணவரின் முறை. மெலிந்த மனுஷன், பென்சிலைச் சீவி வைத்த மாதிரி இருப்பார். கல்யாணம் ஆகிவிட்டது என்றார், ஆமாம் என்று இரண்டு தடவை தலை குனிந்தார். மனைவியின் பெயர் என்ன என்றாள் ஃபிராவ் லின்ட்னர். அவர் செருமினார். காதுமடல் சிவந்தது. பக்கத்தில் அந்த அம்மாள் மடியில் வைத்திருந்த கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். மறுபடி செருமிவிட்டு ஏதோ ஒரு பெயரை, தும்மலை அடக்குகிற மாதிரி, சட்டென்று சொல்லி முடித்தார். அந்த அம்மாள் உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டாள். கண் மட்டும் தெரிந்தது, அது சிரித்ததா வேறு என்ன செய்ததா என்று சொல்ல முடியாது. மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனோன்மணிக்கு விளங்கியது. அந்த ஆளும் அதைச் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருக்க வேண்டும், ஒருவேளை சொன்னதே இல்லையோ. தன் பெயரை இவர் வாயால் எப்போது கேட்டோம் என்று தேடினாள். தேடத் தேட அடுக்களைச் சாமான்போல வேறு என்னென்னவோ கையில் தட்டுப்பட்டது, அது மட்டும் இல்லை.

இந்தாம்மா. அதுதான் அவள் பெயர். இந்தாம்மா, துண்டை எடு. இந்தாம்மா, யாரோ பெல் அடிக்கிறாங்க பாரு. சிந்துஜா பிறந்தபிறகு, வேற்று ஆட்கள் எதிரில், பாப்பா அம்மா. கோபம் வந்தால் வெறும் நீ. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்தார்கள், முகூர்த்தத்தில் ஐயர் கேட்டுக்கொண்டு தானே சொன்னார், ரேஷன் கார்டில் இருக்கிறது, அவர் சொன்னதில்லை. அதை ஒரு குறையாக அவளும் எண்ணியதில்லை, இவள் மட்டும் என்ன, அவரைப் பெயர் சொல்லிவிட்டாளா? இங்கிலீஷில் கனவு காண்கிறவள், மாமியாரிடமே நியாயம் பேசியவள், புருஷன் பெயரைக் கேட்டால் மட்டும் ஆதார் அட்டையை எடுத்து நீட்டுவாள். ராஜமாணிக்கம். மனசுக்குள் சொன்னாலே நாக்கு கூசுகிறது. மனோன்மணி என்ற பெயரை முழுசாகச் சொல்ல யாருக்குத்தான் பொறுமை இருந்தது. சிஸ்டர் குளோடில்டா மோனோ என்றாள், அம்மா மனோ என்றாள், பக்கத்து வீட்டுக்காரி மணியம்மா என்பாள், ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். இவர் ஒரு பாதியும் எடுத்ததில்லை. ஆகவே, என்று அவள் புத்தி, எப்போதும் ஓடுகிற அதே வேகத்தில், அவள் தடுப்பதற்குள் ஓடி முடித்தது, ஆகவே அது அவரிடம் இருக்கிறதா போய்விட்டதா என்று பார்க்க வழியே இல்லை. கரண்டி போனது தெரிந்தது, எலெக்ட்ரீஷியன் போனது தெரிந்தது, தங்கவேலு போனது தெரிந்தது. இது எப்போது போனாலும் தெரியாது. போன மாசமே போயிருக்கலாம். இந்தாம்மா என்று கூப்பிடுகிற வாய் நாளைக்கும் கூப்பிடும், நாளன்றைக்கும் கூப்பிடும், ஓடிப் போய்த் துண்டை எடுத்துக் கொடுக்கிற இவள் யாரென்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்ல அம்மாவாக இருக்காங்க என்று நினைத்துக்கொண்டு கூடவே வந்திருக்கலாம். விமானத்தில் தன் தோளில் சாய்ந்து தூங்கினாரே, அது யார் தோள் என்று தூங்கினார்? ஹீட்டர் மேல் காயப்போட்டிருந்த யாருடைய கையுறையோ தீய்ந்த கம்பளி வாடை அடித்தது. இன்றைக்குக் கேள்வி இருக்கிறது. மனைவியின் பெயர் என்ன. கேட்பது இவள் இல்லை, டீச்சர். அவர் சொல்லித்தான் ஆக வேண்டும். முருகா, என்று கூப்பிட்டுவிட்டு, எதற்காகக் கூப்பிட்டோம் என்று தெரியாமல் விட்டுவிட்டாள். அந்தக் கேள்வி சீக்கிரம் வர வேண்டும் என்றா, வரவே கூடாது என்றா.

அவருக்கு முன்னால் மொரீன். அயர்லாந்துக்காரி, தபாலாபீஸில் இருந்தவள், வெள்ளை முடியைப் பையன் மாதிரி வெட்டிவிட்டிருப்பாள், வந்த நாளிலிருந்து மனோன்மணிக்கு இஞ்சி பிஸ்கட் கொடுத்துவருகிறாள். கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டதும் மொரீன் நாலே வார்த்தையில், தப்பில்லாமல், என் கணவர் இறந்துவிட்டார் என்றாள். ஃபிராவ் லின்ட்னர் வருத்தம் தெரிவித்தாள். மொரீன் தோளைக் குலுக்கினாள், பரவாயில்லை என்பதுபோல. பிறகு அவர் பெயரைச் சொன்னாள், டெக்லன் என்று, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். மனோன்மணிக்கு, பாவி மனசு, ஒரு கணம் பொறாமையாக இருந்தது. செத்துப்போனதற்கு எல்லா மொழியிலும் ஒரு சின்ன வாக்கியம் இருக்கிறது. மூன்றாம் நாளே கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். இதற்கு அவளுக்குத் தமிழிலேயே இல்லை. கூடவே இருக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார், கோபித்துக்கொள்கிறார், எதற்கு என்னை இழுத்துக்கொண்டு வந்தாய் என்று கேட்கிறார். அப்படிப்பட்ட ஆளைப் பற்றி என்ன வாக்கியம் சொல்வது. அலுப்பாக இருந்தது. இந்த அலுப்பு நடந்ததனால் வந்தது இல்லை. இரண்டு தலைக்கும் ஒருத்தியே ஞாபகம் வைத்துக்கொள்கிற அலுப்பு. தூங்கினால் போகாது. கொஞ்ச நேரம் யாராவது வாங்கி வைத்துக்கொள்ளுங்களேன் என்று கொடுக்கவும் முடியாது.

அவர் எழுந்து நின்றார். இங்கே யாரும் நிற்பதில்லை; அவர் நின்றார், பான்ட் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார். பெயரைச் சொன்னார். இந்தியா என்றார். இவளுக்கு அதற்கு மேல் புரியவில்லை, ஆனால் குரல் புரிந்தது. தட்டாமல், தேங்காமல், நல்ல ரோட்டில் புது பஸ் போகிற மாதிரி போயிற்று. சிமெண்ட் என்று ஒரு இடத்தில் வந்தது. சூளையைக் கையால் சுற்றிக் காட்டினார், இடுப்பளவுக்குக் குனிந்து யாரையோபோல நடந்து காட்டினார், எல்லோரும் சிரித்தார்கள், அந்த ஃபோர்மேனாக இருக்கும். முகத்தில் சுருக்கமே தெரியவில்லை. இந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. பெண் பார்க்க வந்தபோதுகூட இது இல்லை, அதற்குக் கொஞ்சம் முந்தின முகம். எத்தனை அழகாக இருக்கிறார் என்று நினைத்தாள். நினைத்த கையோடு பயந்தாள். ஃபிராவ் லின்ட்னர் அடுத்த கேள்வியைக் கேட்டாள். இத்தனை பேரிடம் கேட்டதில் மனோன்மணிக்கே அந்தக் கேள்வி பாடமாகியிருந்தது: கல்யாணம் ஆயிற்றா? இதோ, இதற்கு ஆமாம் என்பார், அடுத்தது பெயர். அவள் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் தாமதிக்கவே இல்லை. “நோஹ் நிஹ்ட்” என்றார். இன்னும் இல்லை. அதற்கு மட்டும் அவளுக்கு அர்த்தம் தெரியும். எழுதி முடித்தாயிற்றா என்று டீச்சர் கேட்கிறபோதெல்லாம் இவள் சொல்கிற ஒரே பதில் அதுதான்.

வகுப்பு ஒரு நொடி விழித்தது. பிறகு பிரேசில்காரர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார், ஓகாவா தம்பதிகூடத் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினார்கள், மொரீன் எட்டி மனோன்மணியின் முழங்கையைக் கிள்ளி, உன் ஆள் லேசுப்பட்டவன் இல்லை, கண்ணே, உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்கிறான் பார் என்றாள். மனோன்மணியும் சிரித்தாள். சிரிக்காமல் எப்படி. வாய் சிரித்த இடத்திலேயே நின்றது, அதை எப்படி மூடுவது என்று தெரியவில்லை. விளையாட்டுதான். முகத்தை மாற்றாமல் சொல்லுகிற அதே விளையாட்டு, காலையில் போட்ட சண்டைக்குப் பழி வாங்குகிறார், சொல்லி முடித்தபிறகு இவள் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டுவார். இல்லை, விளையாட்டு இல்லை, பெயரைக் கேட்டுவிடப் போகிறார்களே என்று முன்கூட்டியே அணை கட்டிவிட்டார், அத்தனை பேரையும் சிரிக்க வைத்துத் தப்பிக்கத் தெரியாதவரா அவர், அப்படியானால் பெயர் போய்விட்டது என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது, இத்தனை நாளும் இவள் மட்டும் மறைக்கவில்லை, அவரும் மறைத்துக்கொண்டிருக்கிறார், ஒரே வீட்டில், ஒரே பூசணிக்காயை. அதுவும் இல்லை. நின்றுகொண்டு பதில் சொன்னது இருபத்தேழு வயசுப் பையன். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அவன் சொன்னது சத்தியம். மூன்றில் எது. அவர் உட்கார்ந்தார். கண்ணைச் சிமிட்டவில்லை. சிரிக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லோரும் சிரிக்கிறார்களே என்று தானும் சிரித்தார், அது தன்னால் வந்த சிரிப்பு என்று தெரிந்த மாதிரியே இல்லை. ஃபிராவ் லின்ட்னர் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டு, அவரிடம் கேட்க வேண்டிய பாக்கிக் கேள்விகளை எல்லாம் கைவீசி ரத்து செய்துவிட்டு, இவள் பக்கம் திரும்பினாள். அடுத்தது மனோன்மணி. இதற்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதுபோல் டீச்சரின் புருவம் ஏறியது. வட்டம் முழுவதும் அவள் வாயைப் பார்த்தது, இவளிடமிருந்து ஒரு பதிலடி வரும் என்று.

அவள் டீச்சரைப் பார்க்கவில்லை. நாற்காலியோடு அவர் பக்கம் திரும்பினாள், காலடியில் மரத்தரை கீச்சிட்டது. தமிழில் பேசினாள், அந்த அறையில் அது அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் புரியாது, ஒருவேளை ஒருத்திக்குத்தான் புரியுமோ என்னவோ. “என்னங்க. இங்க, என்னைப் பாருங்க” என்றாள். பார்த்தார். கனிவாகத்தான் பார்த்தார், அந்தக் கண்ணில் ஒரு குறையும் சொல்ல முடியாது. “என் பேரைச் சொல்லுங்க.” அவர் உதடு கொஞ்சம் பிரிந்தது. யாரோ சிரித்துக்கொண்டே இருமினார்கள். மழை ஜன்னலில் பட்டு வழிந்தது. பிரிந்த உதட்டின் மேல் அவள் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தன் தொண்டை வரைக்கும் வந்துவிட்ட அந்தப் பெயரை முதல் தடவையாக விழுங்கிக்கொண்டு, ஒன்றையும் எடுத்துக்கொடுக்காமல். ஃபிராவ் லின்ட்னர் அவள் பெயரைச் சொல்ல வாயெடுத்தபோது, பார்க்காமலே கையை உயர்த்தித் தடுத்தாள்.

“முழுசா வேண்டாம். பாதியாவது சொல்லுங்க.”